மேசை முனைக்கு ரப்பர் ஒட்டியாச்சு, பக்கெட்டில் தண்ணீர் அப்படியே இருக்கு

குழந்தை தவழ ஆரம்பித்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது ஆன்லைன் ஆர்டர்தான். மேசை முனைக்கு ரப்பர், ப்ளக் ஓட்டைக்கு மூடி, அலமாரிக்கு லாக். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் நம் வீடுகளில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. காய் நறுக்குவது, சாதம் வடித்து இறக்கி வைப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அங்கேதான், தவழும் பிள்ளையும் அங்கேதான். ரப்பர் ஒட்டிவிட்டு இதையெல்லாம் அப்படியே விடுவதுதான் முதல் தவறு.

தண்ணீரில் ஆரம்பிக்கலாம். தண்ணீர் வரும் நாளில் இருக்கிற குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றிலும் பிடித்து வைத்துப் பழகியவர்கள் நாம், அதனால் பாத்ரூமில் அரை பக்கெட் தண்ணீர் நிற்பது நம் கண்ணுக்கு ஆபத்தாகவே படாது. ஒரு வயதுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற உள்ளே போனால் தானாக வெளியே வர முடியாது, தண்ணீரின் கனத்தால் பக்கெட்டும் கவிழாது. மூக்கும் வாயும் முங்க 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். கத்தினால் ஓடிவந்துவிடலாம் என்று நினைக்கிறோம், ஆனால் முங்குகிற குழந்தைக்குச் சத்தமே வராது. வேலை முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், சேமித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூடி இறுக்கமாக உட்காரும் டிரம்மில் வையுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். உள்பக்கம் கீழே இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஒருநாள் பிள்ளை உள்ளே பூட்டிக்கொள்ளும். சம்ப் இருக்கிற வீட்டில் அதன் மூடிக்குப் பூட்டு போட வேண்டும், மேலே கல் தூக்கி வைத்தால் போதாது.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத இடம், பூஜை அலமாரி. சூடம் பார்க்க வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருக்கும், வாசனையும் தூக்கும், எட்டுகிற உயரத்தில் டப்பா திறந்தே கிடக்கும். ஒரு கிராம் அளவு உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து, விழுங்கிய சில நிமிடங்களில்கூட வலிப்பு வரலாம். சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறோமே, அதுவும் இரண்டு வயதுக்குள் வேண்டாம், தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் இதே ரகம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், உருண்டையோடு மடித்து வைத்திருந்த துணியைத் துவைக்காமல் போட்டுவிட்டாலே நடக்கலாம்.

பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். இதில் தவறுக்கு மேல் தவறு ஒன்று உண்டு: குடித்துவிட்டது என்று தெரிந்ததும் உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைப்பது. மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் உணவுக்குழாயை இரண்டாவது தடவை பொசுக்கும். ஒன்றும் செய்யாமல் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இல்லையென்றால் 108. எலி பேஸ்ட் குழந்தை இருக்கிற வீட்டில் இருக்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்டுக்கு மாற்று மருந்தே கிடையாது.

சூடு விஷயத்தில், கொதிக்கிற சாம்பாரையும் ரசத்தையும் இறக்கித் தரையில் வைப்பதை நிறுத்தினாலே பாதி ஆபத்து போய்விடும். குளிப்பாட்டும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். மாற்றிச் செய்தால், விளாவுவதற்குள் பிள்ளை கையை விட்டிருக்கும். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவது சூடு, ஷாக் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடுவது. சுட்டுவிட்டால் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. சீக்கிரம் நடக்கும் என்று சீர்வரிசையோடு வந்துவிடும். உண்மையில் நடை தள்ளித்தான் போகும், அதோடு தவழ்ந்து போக முடியாத வேகத்தில் படிக்கும் அடுப்புக்கும் பிள்ளையைக் கொண்டுபோய் விடும். கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. யாராவது கொடுத்தால் வாங்கிப் பரணில் போடுங்கள்.

தூளி நல்லதுதான். ஆனால் கொக்கியையும் முடிச்சையும் அடிக்கடி இழுத்துப் பாருங்கள், பிள்ளையை எடுத்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள் அல்லது மேலே சுருட்டிக் கட்டுங்கள், ஏனென்றால் அதில் முறுக்கிச் சுற்றி விளையாடப்போவது அக்காவும் அண்ணனும், கழுத்து இறுகுவதும் அப்படித்தான். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டுவதற்குப் பதிலாக இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

வாயில் போகிறவை: வேர்க்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை. முழுக் கடலை நாலு வயது வரை வேண்டாம். இவற்றைவிட மோசம் ரிமோட்டிலும் லைட் எரியும் பொம்மையிலும் இருக்கிற பட்டன் பேட்டரி, தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் அரிக்க ஆரம்பித்துவிடும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள்.

அப்புறம் ஊருக்குப் போகும்போது. நம் வீட்டில் எல்லாம் மேலே ஏறியிருக்கும், தாத்தாவின் மாத்திரை டப்பா மட்டும் அங்கே கட்டிலில் தலைமாட்டிலேயே இருக்கும். சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அதுவும் பல மணி நேரம் கழித்துக்கூட. விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மாத்திரை அட்டையோடு கிளம்பிவிடுங்கள்.