லேசரால் ஒட்சைட்டுப் படலம் வளர்க்கும்போது ஒட்சிசனை எப்படிக் கையாள்வது

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் துடிப்பு லேசர் படிவு முறையில் ஒட்சைட்டுப் படலங்கள் வளர்ப்பதுதான் என் வேலை. வெற்றிடக் கலத்துக்குள் ஒட்சைட்டுக் கட்டி ஒன்றை லேசர்த் துடிப்புகளால் அடித்தால் ஒளிரும் ஆவி சுவாலையாகக் கிளம்பும்; அது எதிரே சூடாக வைத்த பளிங்குத் தகட்டில் படிந்து படலமாகும். என்னிடம் படித்துப் பேராதனைக்குப் போய், அங்கிருந்து மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள் போன் எடுத்தால் முதலில் கேட்பது, "சேர், ஒட்சிசன் எவ்வளவு விடணும்?"

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. ஒட்சிசன் அங்கே இரண்டு வேலை பார்க்கிறது. லேசர் பட்டுக் கிளம்பும் சுவாலையின் வேகத்தைக் குறைப்பது ஒன்று. படலத்துக்குள் ஒட்சிசன் இடங்களை நிரப்புவது மற்றது. முதலாவதை வளர்க்கும்போது உள்ள அமுக்கத்தால் சரிசெய்யுங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் குளிரவிடும்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே எண்ணால் சாதிக்கப் பார்த்தால் மாதக்கணக்கில் அலையவேண்டியதுதான்.

ஸ்ட்ரோன்சியம் தைத்தனேற்றில் பழகுங்கள். 248 நனோமீற்றர் லேசர், கட்டிக்கும் பளிங்குக்கும் இடையே 5 சென்ரிமீற்றர் தூரம், 700 பாகை செல்சியஸ், 0.1 மில்லிபார் ஒட்சிசன் என்று தொடங்கி, அமுக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் சன்னல் வழியாகச் சுவாலையைப் பாருங்கள். 0.00001 மில்லிபாரில் அது மங்கலாக விரிந்து போகும். அயன்கள் தடையின்றிப் பாய்ந்து படலத்தையே தாக்கும். 0.1 அளவில் ஓரம் தெளிந்து பிரகாசிக்கும். இன்னும் கூட்டினால் சுருங்கி, பளிங்கை எட்டாமலே நின்றுவிடும். அப்போது வளர்ச்சி குறையும், மேற்பரப்பு கரடுமுரடாகும்.

அப்புறம் எக்ஸ்கதிர்ச் சோதனை. வரைபில் படலத்தின் உச்சி குறைந்த கோணத்துக்கு நகர்ந்திருந்தால் சாலகம், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, வீங்கியிருக்கிறது. உடனே ஒட்சிசன் போதவில்லை என்று எழுதிவிடாதீர்கள். படலத்தை ஒட்சிசனில் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள். உச்சி தன் இடத்துக்கு வந்தால் குறை ஒட்சிசனில். வராவிட்டால் ஸ்ட்ரோன்சியம், தைத்தேனியம் விகிதத்தைச் சந்தேகியுங்கள். லேசர்ச் சக்தியையும் சுவாலையையும் திருத்தவேண்டும்.

படலம் மின்னைக் கடத்தினாலும் அவசரப்படாதீர்கள். குறைந்த அமுக்கத்தில் கீழே இருக்கும் பளிங்கே ஒட்சிசனை இழந்து கடத்தியாகிவிடும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது நீலம் பாய்ந்து கறுக்கும். பின்பக்கத்து மூலைகளில் மல்டிமீற்றர் முனைகளை வைத்துப் பாருங்கள். அதே சூட்டிலும் அமுக்கத்திலும், லேசர் அடிக்காமல், வெறும் பளிங்கு ஒன்றையும் வைத்து எடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத கடத்துதிறன் முடிவை நான் நம்பமாட்டேன்.

குளிரவிடுவதன் அருமையைக் காட்டுவது இற்றியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு. 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் வெங்கடேசன் குழுவினர், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் இந்த மீகடத்தியை லேசரால் படலமாக்கிய பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. வளர்ப்பது 0.3 மில்லிபார் அளவில். சூடாக இருக்கும்போது அதில் ஒட்சிசன் குறைவு. பிறகு சில நூறு மில்லிபார் நிரப்பி, 400 முதல் 500 பாகையில் நிறுத்தி வைத்தால் உள்ளே ஏறும். 90 கெல்வின் அளவில் மீகடத்தும்.

நம் மலைநாட்டிலும் இப்படி ஒரு கருவி வரவேண்டும் என்பது என் ஆசை. வந்தால் இரண்டைக் கவனியுங்கள். நுவரெலியாவில் வெளிக்காற்றின் அமுக்கமே ஏறத்தாழ 810 மில்லிபார்தான்; வேறு ஊர்க் குறிப்பைப் பார்த்து 1000 வரை நிரப்பினால் உள்ளமுக்கம் வெளியை மிஞ்சி, கலத்தின் கதவு தானாகத் திறந்துகொள்ளலாம். மூடுபனி நாளில் கலத்தைத் திறந்தால் சுவரில் நீராவி ஒட்டும்; பம்பியால் அதை இழுத்தெடுக்க நேரமாகும், மிச்சம் இருப்பது குறைந்த அமுக்க வளர்ப்பில் ஒட்சிசன் கணக்கையே குழப்பும். உலர்ந்த நைதரசனை விட்டுத் திறவுங்கள், வேலை முடிந்ததும் உடனே மூடிவிடுங்கள்.