புது டர்ன்டேபிளில் முதல் தட்டை ஓட்டுவதற்கு முன்

டர்ன்டேபிளை (இசைத்தட்டு ஓட்டும் கருவி) பெட்டியிலிருந்து எடுத்ததுமே தட்டைப் போட்டு ஊசியை இறக்கக் கை பரபரக்கும். அரைமணி நேரம் பொறுங்கள். ஊசி எத்தனை கிராம் எடையில் தட்டின் மேல் உட்காருகிறது என்று பார்க்காமல் ஓட்டினால், தட்டில் தேய்ந்த வரிகளை (ஊசி ஓடும் பள்ளங்களை) மறுபடி சரிசெய்யவே முடியாது.

முதலில் இடம். ஆடாத, கனமான மேசை வேண்டும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். அதன் அதிர்வை ஊசி வாங்கிக்கொள்ளும். பிளாட்டரின் (தட்டு வைக்கும் சுழல் வட்டு) மேல் ரசமட்டம் வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் மட்டம் பாருங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை: டோன்ஆர்மின், அதாவது ஊசியைச் சுமக்கும் கையின் எடை. (பின்பக்கம் எடைக்குண்டு இல்லாத மாடல் என்றால் இது தேவையில்லை.) ஆன்டி-ஸ்கேட்டை (இந்தக் கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) 0-இல் வையுங்கள். ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். விட்டால் அதன் எடையும் கணக்கில் சேர்ந்துவிடும். தூக்குக் கைப்பிடியை இறக்கிவிட்டு, டோன்ஆர்மை அது ஓய்வாக உட்காரும் தாங்கியிலிருந்து விடுவித்து, விரலால் பிடித்தபடி தட்டுக்கும் தாங்கிக்கும் நடுவே கொண்டு வாருங்கள். ஊசிப் பக்கம் தாழ்ந்தால் குண்டைப் பின்னால் நகர்த்துங்கள், உயர்ந்தால் முன்னால். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகும்போது ஓர் இடத்தில் கை தராசுக்கோல் போல மெல்ல ஆடி, காற்றில் படுக்கைவசமாக நின்றுவிடும். அதுதான் சமநிலை.

இப்போது கையைத் தாங்கியில் பூட்டி, குண்டு அசையாமல் அதிலுள்ள எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்தே திருகி, கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தியிருக்கும் சின்னப் பாகம்) சொல்லப்பட்ட எடைக்குக் கொண்டு வாருங்கள். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம்.

எடை குறைந்தால் தட்டுக்கு நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. லேசான ஊசி வரியில் நிலையாக உட்காராமல் துள்ளி, இருபக்கச் சுவரிலும் இடிக்கும். அதிக எடையைவிட இதுதான் மோசமான சேதம் என்பேன்.

ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். தட்டு சுழலும்போது கை உள்பக்கமாக இழுபடும். அதை ஈடுகட்டத்தான் இது.

இனி இணைப்பு. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதனால் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று எழுதிய இடத்தில் செருகுங்கள், அல்லது நடுவில் ஒரு ஃபோனோ பிரீஆம்ப் (இந்தச் சன்ன சிக்னலைப் பெருக்கும் கருவி) வையுங்கள். சாதாரண துளையில் செருகினால் ஒலி சன்னமாக, அடித்தொனியே இல்லாமல் கேட்கும். தனியாக ஒரு மெல்லிய கிரவுண்டு வயர் இருந்தால் அதையும் திருகில் மாட்டுங்கள். விட்டால் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வரும்.

வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று): பெரிய எல்பி பெரும்பாலும் 33⅓, சின்னத் தட்டு 45. பழைய 78 தட்டுகளுக்கு அகலமான வேறு ஊசி தேவை. இந்த ஊசியை அதில் வைக்காதீர்கள்.

சரி, இப்போது தட்டைப் போடுங்கள். முதல் பாட்டோடு நிறுத்தாமல் மையத்தை ஒட்டிய கடைசிப் பாட்டையும் கேளுங்கள். அங்கே 'ஸ', 'ச' ஒலிகள் கரகரத்தால், கார்ட்ரிட்ஜின் குறிப்பேட்டில் உள்ள எடை வரம்புக்குள் 0.1 கிராம் கூட்டி மறுபடி கேட்டுப் பாருங்கள்.