பி.டி.எஸ். இடத்துக்காக நீட் எழுதுவோருக்கு: பாடத்திட்டம் முதல் தவறுக் குறிப்பேடு வரை

பல் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, பி.டி.எஸ். படிப்புக்குத் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு உண்டா என்பதுதான். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு எழுதும் அதே நீட் தேர்வுதான் பி.டி.எஸ். படிப்புக்கும் வாயில். அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கென்று நடத்தப்படும் தேர்வில், மடித்துத் துளையிட்ட காகிதத்தை விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும், அடுக்கி வைத்த கனசதுரங்களில் எத்தனை பக்கங்கள் வெளியே தெரியும் என்றெல்லாம் கேட்டு, மாணவரின் இட உணர்வை அளக்கிறார்கள். நம் தேர்வில் அந்தச் சோதனை கிடையாது. கைத்திறன் வேண்டாமா என்றால் கட்டாயம் வேண்டும். ஆனால் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கப் பழகுவது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரும் வேலை. இப்போதைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றில் மட்டும் கவனம் இருந்தால் போதும்.

பல ஆண்டுகளாக உயிரியல் கற்பித்துவரும் நான் கண்டவரையில், புதிதாகப் படித்துக்கொண்டே போகிறவர்களைவிடத் தாம் செய்த தவறுகளைத் திரும்பிப் பார்க்கிறவர்களே முன்னே வருகிறார்கள். ஆகவே இந்த விளக்கத்தில் ஐந்தாம் படிதான் பெரிது. மற்றவை அதற்குச் செல்லும் வழி.

முதல் படி: பாடத்திட்டத்தை அச்சிட்டு மேசையில் வையுங்கள்

தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடும் நீட் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். பாடநூலைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2024 தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்திய பாடத்திட்டத்தில் பல பாடங்கள் நீக்கப்பட்டுவிட்டன. மாநிலப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் முதல் பாடமே உலோகவியல். நீட் தேர்வுக்கு அது தேவையில்லை. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவையும் அப்படியே. பொதுத் தேர்வுக்கு இவற்றைப் படித்தே ஆக வேண்டும் என்பதால் நூலிலிருந்து கிழித்தெறிய முடியாது; ஆனால் நீட் திருப்புதலில் இவற்றுக்கு நேரம் ஒதுக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பதினோராம் வகுப்பு விலங்கியலில் செரித்தல் மற்றும் உட்கிரகித்தல் என்ற பாடத்தில்தான் பற்களின் வகைகளும், அவற்றின் எண்ணிக்கையைக் குறிக்கும் பல் சூத்திரமும் வருகின்றன. அந்தப் பாடம் முழுவதும் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. வருங்காலப் பல் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் பல்லைப் பற்றிக் கேள்வி கிடையாது!

அச்சிட்ட தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், அது மாநிலப் பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இரண்டு எண்களை எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க ஆகும். இரண்டில் ஒரு நூலில் மட்டும் இருக்கும் தலைப்புகள் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாம் படி: வினாத்தாளின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

2025 முதல் உள்ள அமைப்பின்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். விடையளிக்காத கேள்விக்கு ஒன்றும் இல்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகளில் 180-க்கு விடையளித்தால் போதும் என்ற தெரிவு இருந்தது. அவற்றில் 2022 முதல் மூன்று ஆண்டுகள் தேர்வு நேரமும் 200 நிமிடமாக இருந்தது. அந்தத் தாள்களை அப்படியே 200 நிமிடத்தில் எழுதிப் பழகினால், உண்மையான தேர்வில் 20 நிமிடம் இல்லாமல் தவிக்க நேரும்.

மொத்த மதிப்பெண்ணில் பாதி உயிரியல். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் பெற்றால் முதலில் பார்க்கப்படுவதும் உயிரியல் மதிப்பெண்தான். பி.டி.எஸ். இடத்தை நோக்கிப் படிக்கிற தொடக்கநிலை மாணவர் உயிரியலைக் கோட்டையாக்கிக்கொண்டு, வேதியியலை உறுதிப்படுத்தி, இயற்பியலில் தன்னால் இயன்றதைப் பிழையில்லாமல் எடுப்பது நடைமுறைக்கு ஏற்ற திட்டம் என்பது என் கருத்து. மூன்றையும் சம அளவில் படிக்கச் சொல்லும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாம் படி: விண்ணப்பத்திலேயே மொழியை முடிவு செய்யுங்கள்

தமிழில் தேர்வெழுத விரும்புவோர் விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாகக் கூறி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண்கள் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிழை வினாத்தாளில் இருந்தாலும் இழப்பு மாணவருக்கே என்பதால், தமிழ்வழி மாணவர்கள் ஒவ்வொரு பாடத்திலும் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் கூடவே கற்றுக்கொள்வது நல்லது. நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் போதும்.

நான்காம் படி: ஒரு வரியை எப்படிப் படிப்பது

கேள்விகள் பெரும்பாலும் பாடநூலின் வரிகளிலிருந்தே பிறக்கின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வரியை எப்படிப் படிப்பது என்பதை யாரும் செய்து காட்டுவதில்லை. இரத்த ஓட்டப் பாடத்திலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறையான ஒரு வென்ட்ரிக்கிள் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர்.

இதை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்வது ஒரு வழி. அதைவிட, நூலை மூடிவிட்டு இதிலிருந்து நீங்களே கேள்வி கேட்டுப் பாருங்கள். 72-ஐ 70-ஆல் பெருக்கினால் 5,040 வருகிறது. நூல் ஏன் 5,000 என்கிறது? நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு எத்தனை வினாடி? 60-ஐ 72-ஆல் வகுத்தால் 0.83, நூலில் இதயச் சுழற்சியின் நேரம் 0.8 வினாடி என்றிருப்பது இங்கிருந்துதான் வருகிறது. துடிப்பு 80 ஆகி, நிமிடத்துக்கு வெளியேறும் இரத்தம் 5,600 மில்லி லிட்டர் என்று கொடுத்தால் ஒரு துடிப்பில் வெளியேறுவது எவ்வளவு? கடைசியாக, இந்த 5 லிட்டர் ஒரு வென்ட்ரிக்கிளின் அளவா, இரண்டும் சேர்ந்தா? ஒன்றினுடையது. இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல மாணவர்கள்கூடத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கங்களை இப்படிப் படித்தால் போதும். நாற்பது பக்கங்களுக்கு மஞ்சள் மையால் கோடு போட்டு முடிப்பதில் நினைவில் தங்குவது மையின் நிறம் மட்டுமே.

தமிழ்வழி மாணவர்கள் மாநிலப் பாடநூலை முதன்மையாகக் கொண்டு, என்.சி.இ.ஆர்.டி. நூலின் படங்களையும் அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கத்தில் சூத்திரங்களை எழுதி, முன்னாண்டுக் கேள்விகளைக் கையால் போட்டுப் பழகுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

ஐந்தாம் படி: தவறுக் குறிப்பேடு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரித் தேர்வில் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு செய்திகளை எழுத வேண்டும்: நான் குறித்த விடை, சரியான விடை, ஏன் தவறினேன், பாடநூலில் எந்தப் பக்கம். இவற்றில் மூன்றாவதுதான் உயிர். அதை எழுத நான்கு சொற்கள் போதும்: தெரியாது, மறந்தேன், தவறாகப் படித்தேன், கணக்குப் பிழை. "கவனக்குறைவு" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அது எல்லாத் தவறுகளையும் மூடி மறைக்கும் போர்வை; அதை எழுதிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது.

என் மாணவி ஒருத்தியின் நோட்டில் இருந்த பதிவு இது. ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டுச் சீரான முடுக்கத்துடன் செல்லும் பொருள் முதல், இரண்டாம், மூன்றாம் வினாடிகளில் கடக்கும் தொலைவுகளின் விகிதம் என்ன என்பது கேள்வி. அவள் குறித்தது 1:4:9. சரியான விடை 1:3:5. காரணம் என்ற இடத்தில் "சூத்திரம் மறந்தேன்" என்று எழுதியிருந்தாள். சூத்திரத்தைச் சொல்லச் சொன்னேன், பிழையில்லாமல் சொன்னாள். பிறகு கேள்வியை உரக்கப் படிக்கச் சொன்னபோதுதான் விளங்கியது. "மூன்றாம் வினாடியில்" என்பதை அவள் "மூன்று வினாடிகளில்" என்று படித்திருந்தாள். மூன்று வினாடிகளில் கடந்த மொத்தத் தொலைவு ஒன்பது பங்கு. இரண்டு வினாடிகளில் கடந்தது நான்கு பங்கு. மூன்றாம் வினாடியில் மட்டும் கடந்தது இரண்டுக்கும் உள்ள வேறுபாடான ஐந்து பங்கு. அவளுக்கு இயற்பியல் தெரிந்திருந்தது. சொல்லின் ஈற்றில்தான் சறுக்கினாள்.

அந்த நோட்டு முழுவதையும் இருவரும் மறுபடி புரட்டினோம். "மறந்தேன்" என்று எழுதியவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் "தவறாகப் படித்தேன்" என்ற வகையில் வந்தன. "தவறானது எது", "பொருந்தாதது எது" என்று முடியும் கேள்விகளில் சரியான கூற்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதன் பிறகு, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பேனாவால் வட்டமிட்ட பின்னரே விடைகளைப் பார்ப்பது என்று ஒரு விதி வைத்தோம். புதிய பாடம் எதையும் படிக்காமலே அவளுடைய அடுத்த மாதிரித் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இந்த நோட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். "தெரியாது" என்பவை மிகுந்தால் பாடநூலுக்குத் திரும்புங்கள். "மறந்தேன்" மிகுந்தால் திருப்புதலின் இடைவெளியைக் குறையுங்கள். "கணக்குப் பிழை" மிகுந்தால் நாள்தோறும் பத்து நிமிடம் பின்னங்களையும் அடுக்குகளையும் போட்டுப் பழகுங்கள். சரிசெய்த பதிவை அடிக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி போட்டு, சரியாக வந்த பின்னர் அடியுங்கள்.

ஆறாம் படி: மாதிரித் தேர்வும் ஊகமும்

தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடப்பது வழக்கம். உண்ட மயக்கம் வரும் நேரம் அது. ஆகவே மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில், விடை வட்டங்கள் கொண்ட ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்பி எழுதிப் பழக வேண்டும். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, மீதி 20 நிமிடம் சரிபார்க்க என்று தொடங்கலாம். எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டுக் கடைசியில் வட்டங்களை நிரப்பும் பழக்கம் ஆபத்தானது. ஒரு கேள்வியைத் தாண்டியதை மறந்தால் வரிசை முழுவதும் ஒன்று தள்ளிப் போய்விடும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்பிவிடுங்கள்.

ஊகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒன்றுமே தெரியாத நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறி 3 போகும், மிச்சம் 1. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்த நான்கு கேள்விகளில் இரண்டு சரியாகி 8 கிடைக்கும், இரண்டு தவறி 2 போகும், மிச்சம் 6. இரண்டாவதைத் துணிந்து செய்யுங்கள். முதலாவதில் தெரியும் அந்த 1 மதிப்பெண் லாபத்தை நான் நம்புவதில்லை. கேள்வி அமைப்பவர்கள் அரைகுறையாகத் தெரிந்தவர் தேடிப்போகும் விடையைத் தூண்டிலாக வைத்திருப்பார்கள்.

ஏழாம் படி: மதிப்பெண்ணை அல்ல, தரவரிசையைப் பாருங்கள்

பொதுப் பிரிவில் தகுதி மதிப்பெண் 2024-இல் 162. வினாத்தாள் கடினமாக இருந்த 2025-இல் அது 144. ஆகவே "இத்தனை மதிப்பெண் எடுத்தால் இடம் உறுதி" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். முந்தைய ஆண்டுகளில் உங்கள் இனப் பிரிவில் பி.டி.எஸ். இடம் பெற்ற கடைசித் தரவரிசை எது என்று பார்த்து இலக்கு வையுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. அதற்கான படிப்புச் சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் மே மாதத்திலேயே அலையத் தொடங்குங்கள்.

அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவும், மற்ற இடங்களுக்கு மாநிலத் தேர்வுக் குழுவும் கலந்தாய்வு நடத்துகின்றன. நீட் விண்ணப்பம் இவற்றுக்கான விண்ணப்பம் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநிலப் பதிவில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டையும் கேட்டிருந்தால், கல்லூரி விருப்பப் பட்டியலில் பல் மருத்துவக் கல்லூரிகளையும் சேர்த்தீர்களா என்று, பட்டியலை இறுதியாக்கிப் பூட்டுவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.