நாய்க்கு டிவி போட்டுவிட்டு ஆபீஸ் கிளம்புகிறீர்களா?

பெங்களூரில் நம்மவர்கள் வீடுகளில் இது சகஜமாகிவிட்டது. மாரத்தஹள்ளியிலோ ஒயிட்ஃபீல்டிலோ கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஃபிளாட். காலையில் நாயை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்து, கிண்ணத்தில் சாப்பாடு வைத்து, ‘பாவம், தனியா இருக்குமே’ என்று ஏதாவது ஒரு தமிழ் சேனலைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் நீந்தி வீடு திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். அதுவரை சீரியல், செய்தி, விளம்பரம், மறுபடி சீரியல்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் நாய் அவ்வளவு நேரமும் டிவி பார்ப்பதில்லை, கேட்கிறது. விளம்பரத்தில் காலிங் பெல் அடிக்கிறது. வாசலுக்கு ஓடுகிறது, கதவிடுக்கில் மூக்கை வைத்து மோப்பம் பிடிக்கிறது, யாரும் இல்லை, திரும்பி வந்து படுக்கிறது. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அதே விளம்பரம். விவாத நிகழ்ச்சி என்றால் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நமக்கே தலை வலிக்கும். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் 453 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துறுதுறுப்பான நாய்கள் திரையில் ஓடுவதைத் துரத்தப் பார்த்தன. பயந்த சுபாவம் உள்ளவையோ கார், காலிங் பெல் மாதிரியான சத்தங்களுக்குத்தான் அதிகம் சலனப்பட்டன. உங்கள் நாய் தீபாவளிக்குக் கட்டிலடியில் ஒளியும் ரகம் என்றால், நாள் முழுக்க ஓடும் டிவி அதற்குத் துணை இல்லை, தொல்லை.

சத்தம் வேண்டும் என்றால் மெல்லிய இசை போதும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் காப்பக நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வந்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசை போட்டபோது அதிக நேரம் ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டலுக்குக் குரைத்தன. எதைப் போட்டாலும் முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், மத்தியானம் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப்போக ஆள் வைப்பது எந்தச் சேனலையும்விட மேல்.

‘நாய்க்கு டிவி தெரியவே தெரியாது’ என்று ஊரில் தாத்தா சொல்லியிருப்பார். அவர் காலத்துப் பெட்டி டிவிக்கு அது ஏறக்குறைய சரி. அந்தத் திரை நொடிக்கு 50 முறை மினுக்கும். நாயின் கண் 70-க்கு மேற்பட்ட மினுக்கலையும் பிரித்துப் பார்த்துவிடும். அதனால் படம் ஓடாமல் விட்டுவிட்டு மினுக்குவதாகத்தான் தெரியும். இப்போதைய எல்இடி திரையில் அந்தத் தொல்லை இல்லை, படம் ஓட்டமாகத் தெரிகிறது. நிறம்தான் வேறு. நீலமும் மஞ்சளும் புரியும். டெஸ்ட் மேட்சில் பச்சைப் புல்லில் உருளும் சிவப்புப் பந்து அதற்குக் கிட்டத்தட்ட புல்லின் நிறம்தான்.

கிரிக்கெட் என்றதும் நினைவு வருகிறது. சென்னை–பெங்களூரு மேட்ச் அன்று நாய் குரைத்தால் ‘பாரு, தோனிக்கு விசில் போடுது’ என்று சிரிப்போம். அது குரைப்பது சோபாவிலிருந்து துள்ளி எழுந்து கத்தும் நம்மைப் பார்த்து. அதற்கு ‘ஏய், சும்மா இரு’ என்று இன்னொரு கத்தல் போட்டால், கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். டிவியை மியூட் செய்யுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்தால் பிஸ்கட் கொடுங்கள்.

பூனை விஷயம் வேறு. அதற்கென்றே யூடியூபில் குருவி, அணில், மீன் வீடியோக்கள் மணிக்கணக்கில் ஓடுகின்றன. 2008-ல் வந்த ஓர் ஆய்வில், காப்பகத்தில் இருந்த 125 பூனைகள் திரையைப் பார்த்தது மொத்த நேரத்தில் சுமார் 6 சதவீதம்தான். நேரம் ஆக ஆக ஆர்வமும் குறைந்தது. ஆனால் ஒன்றிப்போகும் பூனைக்கு வேறு சிக்கல். பதுங்கும், பாயும், அடிக்கும். நகத்தில் ஒன்றும் மாட்டாது. டிவிக்குப் பின்னால் போய்த் தேடும். அணைத்த பிறகும் திரையையே முறைத்துக்கொண்டு வாலைச் சுழற்றினால், போதும் என்று அர்த்தம். பத்து நிமிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். பிறகு இறகு கட்டிய குச்சியை ஆட்டி, நிஜமாகவே பிடிக்க விட்டு, சாப்பாடு வையுங்கள்.

டிவியைச் சுவரில் மாட்டுவது நல்லது. வாடகை வீட்டு ஓனர் ஆணியே அடிக்க விடமாட்டார் என்றால், ஸ்டாண்டோடு பட்டை போட்டு இறுக்கிவிடுங்கள். பாய்கிற பூனைக்கு 43 இன்ச் டிவியெல்லாம் கணக்கே இல்லை.

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டை டிவிக்கு எதிரே வைக்கக் கூடாது. விலங்கு நிகழ்ச்சியில் பருந்து இறங்கினால் அவை பதறிக் கம்பியில் மோதும். ராத்திரி பதினொன்று வரை டிவி ஓடினால் தூக்கமும் போச்சு. கூண்டின் மேல் துணி போடுகிறேன் என்பார்கள். வெளிச்சம் மறையும், சத்தம் மறையாது. கூண்டை உள் அறைக்கு மாற்றிவிடுங்கள்.