ட்ரிம் வீல வச்சு ப்ளேன் ஓட்டாதீங்க

ஃப்ளைட் சிமுலேட்டருக்குப் புதுசா வர்ற பசங்க ஸ்க்ரீன் ஷேர்ல பறக்கிறத அப்பப்ப பாக்கறேன், எல்லாருக்கும் அதே செஸ்னா 172ங்கற சின்ன ப்ளேன், அதே தப்பு. பார்க்கிங் பிரேக் எடுக்க மறக்கிறதெல்லாம் தானா சரியாயிடும், அத விடுங்க.

ட்ரிம்லயே மூக்கத் தூக்குறது

இன்னிக்கும் எனக்குக் கடுப்பாகுற தப்பு இதான். ட்ரிம்ங்கறது, மூக்க ஒரே எடத்துல வைக்க ஸ்டிக்க புடிச்சிட்டே இருக்கற அழுத்தத்த எடுத்துவிடற சின்ன வீல். போன வாரம் ஒரு தம்பி 3000 அடில லெவல் ஆகப் பாக்கறாப்ல, ஸ்டிக்க தொடவே இல்ல, பட்டன அமுக்கி ட்ரிம்மையே உருட்டிட்டு இருக்காப்ல. ஏறுதா எறங்குதான்னு காட்டற வெர்டிகல் ஸ்பீட் ஊசி கீழ போனா ரெண்டு தட்டு மேல, மேல போனா நாலு தட்டு கீழ, ப்ளேன் 2700, 3200, 2600ன்னு ஊஞ்சல் ஆடுது. "அண்ணா, ட்ரிம் வேலையே செய்யலண்ணா"ங்கறாப்ல. செய்யுதுப்பா, நீ விட்டாத்தானே!

ட்ரிம் புடிச்சு வைக்கறது வேகத்த, உயரத்த இல்ல. 90 நாட்ஸுக்கு ட்ரிம் பண்ணா ப்ளேன் 90க்கே திரும்பப் பாக்கும், வேகம் குறைஞ்சா தானா மூக்க இறக்கும், கூடினா தூக்கும். அப்ப த்ராட்டில் கூட்டினீங்கன்னா வேகமா போகாது, மேல ஏறும். அந்த வெர்டிகல் ஸ்பீட் ஊசி வேற சில செகண்ட் லேட்டாத்தான் நெஜத்த காட்டும், அத துரத்தி ட்ரிம் பண்ணா ஆட்டம் நிக்கவே நிக்காது.

மொதல்ல ஸ்டிக்க வச்சு மூக்க வேணுங்கற எடத்துல புடிங்க. அப்புறம் பவர், ஒரு 2300 ஆர்பிஎம். க்ளைம்ப்ல 75 நாட்ஸ்ல இருந்தது நூறத் தாண்டி ஒரு எடத்துல நிக்க கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் சும்மா புடிச்சிட்டே இருங்க. கடைசியாத்தான் ட்ரிம். நெஜ ப்ளேன்ல யோக், அதாவது ஸ்டிக்குக்கு பதிலா இருக்கற ஸ்டியரிங், அங்கயே இருக்கும், கைல இருக்கற அழுத்தம் மட்டும் காணாமப் போகும். நம்ம ஸ்ப்ரிங் ஜாய்ஸ்டிக்ல அது நடக்காது, அதனால ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்டிக்க கொஞ்சங்கொஞ்சமா நடுவுக்கு விட்டுட்டே வரணும், கண்ணு வெளிய அடிவானத்துல, மூக்கு நகரக்கூடாது. இத யாரும் சொல்லிக் குடுக்கறதே இல்ல.

டேக்-ஆஃப்

ட்ரிம் வீல் டேக்-ஆஃப் மார்க்ல இருக்கான்னு பாத்துட்டு உருளுங்க.

கோ-அரவுண்ட்

லேண்டிங்குக்கு மூக்கு மேல ட்ரிம் பண்ணி, றெக்கைக்குப் பின்னாடி இருக்கற ஃப்ளாப்ஸும் எறக்கி வச்சிருப்பீங்க, லேண்டிங்க விட்டுட்டு திரும்ப மேல போக அப்படியே ஃபுல் த்ராட்டில் குடுத்தா மூக்கு எகிறிடும். முன்னாடி தள்ளிப் புடிங்க, பலமா. ட்ரிம் அப்புறம்.

ஆட்டோபைலட்

ஆன்ல இருக்கும்போது ட்ரிம்ல கை வைக்காதீங்க.

க்ளைம்ப்ல இடது பக்கம் இழுக்குதா?

வலது ரடர் பெடல மிதிங்க, அதுதான் மூக்க பக்கவாட்டுல திருப்பும். நீங்க உருட்டற ட்ரிம் வீல், மூக்க மேல கீழ ஆட்டற வால் பக்க எலிவேட்டருக்கு மட்டும்தான்.