கைப்பணத்துக்குக் கடன் வாங்கும்போது செய்யக் கூடாதவை

திருச்சியில் வீட்டுக்கடன் ஃபைல் போட்டுக் கொடுப்பது என் தொழில். வங்கி தருவது போக நாம் போட வேண்டிய கைப்பணம் இருக்கிறதே, அதையும் கடனாகப் புரட்டிக்கொண்டு வருபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். சேர்த்து முடிக்கிறவரை வீட்டு விலை நிற்காது. என் முதல் வீட்டுக்கு நானும் அங்கே இங்கே புரட்டியவன்தான். ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்த கோளாறுகளையே இன்றைக்கு வரும் பிள்ளைகளும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எவ்வளவு வேண்டும் என்று தெரியாமலே புரட்டுவது

“80 சதவீதம் வங்கி தரும், 20 நாம போட்டா போதும்ல?” போதாது. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு இது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. வங்கி இதற்குக் குறைத்தும் தரலாம். பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்குள் முடியும் வீட்டுக்கு விலக்கு உண்டு. அந்த விலைக்கு இன்று எங்கே வீடு இருக்கிறது?

தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கைப்பணம் 10 லட்சம், பத்திரம் நாலரை லட்சம். லீகல், வேல்யூவேஷன், பிராசசிங், தரகர், பால் காய்ச்சும் செலவு எல்லாம் தனி. அப்புறம், வங்கியின் மதிப்பீட்டாளர் 46 லட்சம்தான் தேறும் என்று எழுதிவிட்டால் 80 சதவீதம் அந்த 46-க்குத்தான். விற்பவரிடம் பேசிய விலை வங்கிக்குப் பொருட்டில்லை.

வீட்டுக்கடனுக்கு முன்னால் பர்சனல் லோன்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். கையில் வாங்கும் சம்பளம் 80,000. பழைய கடன் எதுவும் இல்லை, சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) அருமை. 50 லட்சத்துக்கு வீடு பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமெண்டும் போட்டாகிவிட்டது. “கைப்பணம் ரெடி அண்ணே, லோன் மட்டும் போட்டுக் கொடுங்க” என்றார். எப்படி ரெடி என்று கேட்டேன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் செயலியிலேயே 8 லட்சம் பர்சனல் லோன் காத்திருந்ததாம். இரண்டு முறை தொட்டதும் பணம் கணக்கில் விழுந்துவிட்டதாம். வீட்டுக்கடன் வந்துவிட்டால் அப்புறம் பர்சனல் லோன் கிடைக்காது, முதலில் இதை எடுத்துவிடு என்று அலுவலகத்தில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான வங்கிகள் இந்த அளவுச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து ஒதுக்கும். அவருக்கு 40,000. எட்டரை சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக்கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் வரும். 40,000 ரூபாய்த் தவணைக்கு 46 லட்சம் கடன் கிடைத்திருக்கும். அவருக்குத் தேவை 40 லட்சம்தான்.

பர்சனல் லோனுக்கு 13 சதவீத வட்டி, 5 வருடம். லட்சத்துக்கு 2,275 ரூபாய்; 8 லட்சத்துக்கு மாதம் 18,200. அதைக் கழித்தால் மிச்சம் 21,800. அந்தத் தவணைக்குக் கிடைக்கும் வீட்டுக்கடன் 25 லட்சம்.

ஆக, 8 லட்சத்தை எடுத்து 21 லட்சத்தைத் தொலைத்திருக்கிறார். வட்டி கூடுதலாக இருப்பது இரண்டாவது பிரச்சினை. குறுகிய காலக் கடன் என்பதால் அதன் தவணை பெரிது. வங்கி பார்ப்பது தவணையைத்தான். பத்தில் எட்டுப் பேருக்கு இது புரிவதில்லை, புரிந்தும் “ரெண்டு லோனையும் நான் கட்டிடுவேன் அண்ணே” என்கிறார்கள். கட்டுவீர்கள் தம்பி, உங்களை நான் நம்புகிறேன். வங்கியின் கணினி நம்ப வேண்டுமே!

திருப்பிக் கட்டிவிடலாம் என்றால், பாதிப் பணம் அதற்குள் அட்வான்ஸாகப் போய்விட்டது. எடுத்த சில மாதங்களுக்குள் முழுதாக முடிக்கவும் அந்த வங்கி விடவில்லை. மனைவியின் வருமானத்தைச் சேர்க்கலாமா என்று பார்த்தோம். அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியில் சம்பளத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், ஸ்டேட்மெண்டில் ஏறவில்லை. அப்பா ஓய்வு பெற்றவர், அவரைச் சேர்த்தால் கடனின் வருடங்கள் குறையும். கெடு முடிந்தது. விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தந்தார். வீடு இல்லாமல் 18,200 ரூபாய்த் தவணை மட்டும் இன்னும் ஓடுகிறது.

இதற்கு மாற்று என்று சில முகவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: வீட்டுக்கடன் சாங்ஷன் ஆனதும், பணம் வெளியாகும் முன் சத்தமில்லாமல் பர்சனல் லோன் எடுத்துவிடு. காசோலை தரும் முன் இன்னொரு தடவை சிபில் எடுத்துப் பார்க்கும் வங்கிகள் உண்டு. முன்பு மாதம் ஒரு முறை புதுப்பிக்கப்பட்ட கடன் விவரம் 2025 ஜனவரியில் 15 நாளுக்கு ஒரு முறை என்று ஆனது. பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிய பிறகு சாங்ஷன் நின்றுபோனால் யார் காலில் விழுவது? அந்த முகவர் போனையே எடுக்கமாட்டார்.

சரி, என்னதான் செய்வது? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வங்கியிலோ முகவரிடமோ உங்கள் தகுதித் தொகையைக் கேளுங்கள். அந்தத் தம்பிக்கு 40 லட்சத்தின் தவணை 34,700 போக, மாதம் 5,300 ரூபாய் இடம் இருந்தது. அந்த இடத்துக்குள் அடங்கும் கடனாக, அல்லது மாதத் தவணையே இல்லாத கடனாகப் புரட்டியிருக்கலாம். அதுவும் போதாதென்றால், அந்த வீடு அவர் வரம்புக்கு மேல் என்று அன்றே தெரிந்திருக்கும்.

நகையை வைத்துவிட்டு மீட்கும் தேதியை மறப்பது

மாதத் தவணை இல்லாத கடன் என்றதும் நினைவுக்கு வருவது நகைக்கடன். வட்டி பர்சனல் லோனைவிடக் குறைவு, பணம் அன்றைக்கே கைக்கு வரும். கைப்பணத்துக்குக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் வாக்கு இதற்கே. ஆனால் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. முழு வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். வீட்டுத் தவணை தொடங்கிய முதல் வருடத்தில் யார் கையிலும் பணம் மிஞ்சாது; கட்டி முடியாத வீடு என்றால் இருக்கும் வாடகையும் சேர்ந்துகொள்ளும். அப்போது 6 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி என்று ஐம்பது அறுபதாயிரம் வந்து நிற்கும். வைக்கும் அன்றே, எந்தப் பணம் வந்து இதை மீட்கும் என்று எழுதி வையுங்கள். போனஸா, சீட்டா, ஊரில் இருக்கும் நிலமா? பதில் இல்லையென்றால் அம்மா நகையைத் தொடாதீர்கள்.

சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுப்பது

சீட்டு ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடிதான் வட்டி. அதை யாரும் வட்டி என்று நினைப்பதில்லை, அதுதான் வம்பு. ஏலத்தில் கிடைத்த மறுநாளே பணம் வந்துவிடாது. ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் பிடித்து, அவர் சம்பளச் சீட்டை வாங்கிக் கொடுத்து முடிப்பதற்குள் கிரயத் தேதி தாண்டிவிடும். பதிவு செய்யாத சீட்டு என்றால் பேச ஒன்றுமில்லை.

பி.எஃப். பணத்தை வைத்துக்கொண்டு கடன் வாங்குவது

வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முதலில் அதைப் பாருங்கள். ஆதாரில் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிக்கும்; அதை இப்போதே சரி செய்யுங்கள்.

விலையை ஏற்றி அக்ரிமெண்ட் போடுவது

கூடுதல் கடன் கிடைக்கும் என்று பேசிய விலையை ஏற்றி எழுதுவது மோசடி. செய்யாதீர்கள்.

மாமாவிடம் ரொக்கமாக வாங்குவது

சொந்தக்காரர் வட்டியில்லாமல் தருகிறார் என்றால் நல்லதுதான். ரொக்கக் கட்டாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பிடிபட்டால் வாங்கிய தொகை முழுதும் அபராதம். மாமா என்றாலும் விலக்கில்லை. திருப்பித் தரும்போதும் ரொக்கம் கூடாது. கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பணம் ஸ்டேட்மெண்டில் ஏறியதும் இது என்ன என்று வங்கி கேட்கும். தவணையில் சேர்த்துவிடக் கூடாதே என்று, “அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை” என்று மாமாவிடம் கடிதம் எழுதி வாங்குவார்கள். மாமாவும் கையெழுத்துப் போடுவார். இது வங்கியிடம் பொய் சொல்வது என்பது ஒரு பக்கம். இரண்டு வருடம் கழித்து மாமா இறந்து, அவர் பிள்ளைகள் பணத்தைக் கேட்டு வந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். கடிதத்தில் அன்பளிப்பு, வாய்ப்பேச்சில் கடன். இன்னும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கடன் என்றால் கடன் என்றே எழுதுங்கள், தகுதித் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.