அரசியல் கேலிச்சித்திரத்தில் மிக்கி மவுஸ்: சறுக்கும் இடங்கள்

அரசியல் கேலிச்சித்திரம் என்றாலே எந்தக் கதாபாத்திரத்தையும் எடுத்தாளலாம் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. கருத்துச் சுதந்திரம் நம் கருத்துக்குக் காவல் நிற்கும். பிறர் படைத்த உருவத்துக்கு அதுவே அனுமதிச்சீட்டு ஆகிவிடாது.

ஊழலில் சிக்கிய அமைச்சருக்கு மிக்கி மவுஸின் காதுகளை மாட்டினால், கேலி அமைச்சரைப் பற்றியது. எலி அங்கே இரவல் வேடம் மட்டுமே. அதே எலி, பதிப்புரிமைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி சட்டமன்ற வாசலில் மனுவோடு நிற்பதாக வரைந்தால், கேலி அந்தப் பாத்திரத்தின் மீதும் அதன் உரிமையாளர் மீதும் பாய்கிறது. அமெரிக்காவில் 1998-இல் அந்தக் காலம் 20 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்ட சட்டத்துக்கு மிக்கியின் பெயரையே பட்டப்பெயராக வைத்தார்கள் என்பதால், இந்தச் சித்திரத்தில் எலிக்கு வேலை இருக்கிறது. மூலப் படைப்பையே பகடி செய்பவருக்கு அதிலிருந்து எடுக்க நியாயம் உண்டு, வேறொன்றைத் தாக்க அதை இரவல் வாங்குபவரோ தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் பிரித்துக் காட்டியது. பகடியே ஆனாலும் அளவு உண்டு: டிஸ்னி பாத்திரங்களைத் தத்ரூபமாக நகலெடுத்த காமிக்ஸ் கலைஞர்கள், தேவைக்கு மேல் எடுத்தார்கள் என்பதால் 1978-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

'மிக்கி இப்போது பொதுச்சொத்து' என்பது பாதி உண்மை. 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது 1928-ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை எலி. 1940-இல் நீலத் தொப்பியோடு வந்த மந்திரவாதிச் சீடன் வேடம் இன்னும் உரிமைக்கு உட்பட்டதே. வணிகச் சின்ன உரிமை வேறு தனியாக நிற்கிறது. நாட்டுக்கு நாடு கணக்கும் மாறும்: 1929-இன் காமிக்ஸ் நாயகன் டின்டின் அமெரிக்காவில் 2025-இல் விடுபட்டான், படைப்பாளி 1983-இல் மறைந்ததால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2053 முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மூலப் படைப்பாளிக்கு நன்றி போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாகிவிடாது.

பலர் கவனிக்காதது, பாத்திரத்தின் வாயில் நாம் திணிக்கும் செய்தி. பெல்ஜியத்தில் ஓர் அரசியல்வாதி பழைய காமிக்ஸ் அட்டையை மாற்றி, மேயர் வெளியினத்தவர்மேல் காசை இறைப்பதாக நாட்காட்டியில் அச்சிட்டார். பாகுபாடு பேசும் செய்தியோடு தம் படைப்பு சேர்த்துப் பார்க்கப்படக் கூடாது என்று கேட்க உரிமையாளருக்கு நியாயம் உண்டு என 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. நகைச்சுவை இருந்தும் அங்கே வழக்கு முடிந்துவிடவில்லை.